வெறும்பூ

தம்பி,

உன் கடிதம் கைக்கு வந்தது. தபால்காரர் வேலியோரம் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு, நான் கொடுத்த வெள்ளரிப்பிஞ்சைக் கடித்துக்கொண்டே உன் கடிதத்தை நீட்டினார். கோயம்புத்தூரில் உடம்புக்கு ஒன்றுமில்லை, மில் சாப்பாடு பழகிவிட்டது, கல்யாணத்துக்கு முன்னதாகவே லீவு கிடைத்துவிடும் என்றெல்லாம் நீ எழுதியதை உன் அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அவள் கையில் பாகற்காயை வைத்துக்கொண்டு, நறுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசி வரிக்கு வந்ததும் கடிதத்தை மடியில் போட்டுவிட்டேன். "பாதபூசைக்கு அப்பா பக்கத்தில் யார் உட்காருவது என்று நீங்களும் அம்மாவும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள் பெரியம்மா, எனக்கு எதுவானாலும் சம்மதம்" என்று எழுதியிருக்கிறாய். எதுவானாலும் சம்மதம் என்பது நல்ல பிள்ளைகள் எழுதுகிற வரிதான். எனக்கு என்னவோ அதைப் படித்ததும் கோபம் வந்துவிட்டது. கோபம் தணியட்டும் என்று இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தேன். தணியவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். இதில் ஒளிவுமறைவு ஒன்றும் கிடையாது. எழுதி முடித்ததும் உன் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் படித்துக் காட்டிவிட்டுத்தான் ஒட்டப்போகிறேன்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். போன வாரம் நெய்க்காரப்பட்டியிலிருந்து உன் வருங்கால மாமியார் வந்திருந்தார். நல்ல பெண்மணி. வண்டியை விட்டு இறங்கியதும் தோட்டத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்றார், பாத்தி பாத்தியாக நடந்தார், தர்பூசணியை அறுத்து வைத்தால் கூச்சப்படாமல் சாப்பிட்டார். அப்படிச் சாப்பிடுகிறவர்களை எனக்குப் பிடிக்கும். புறப்படும்போதுதான் மெதுவாக ஆரம்பித்தார். "ஏனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க. பாதபூசைக்குப் பெத்தவங்க உக்கார்றதுதானுங்க மொறை. பெரியவங்களுக்குத் தனியாச் சேலை வச்சுப் புள்ளைங்க கும்பிட்டுக்குவாங்க. நாலு பேரு வர்ற எடம் பாருங்க." உன் அம்மாவின் முகம் சிவந்துவிட்டது. உன் அப்பா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே இருந்தார். ஒரு வெற்றிலைக்கு அவ்வளவு சுண்ணாம்பு தடவினால் வாய் வெந்து போகும். "ஆகட்டும், பாப்போம்" என்று நான்தான் சொல்லி அனுப்பினேன். அந்த அம்மாள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவருக்குத் தெரிந்த முறையைச் சொன்னார்.

நீ பிறந்த கதை உனக்குத் தெரியும். ஆனால் ஊரார் சொல்கிற மாதிரிதான் தெரியும். எனக்குக் கல்யாணமாகி ஐந்து வருடம் வயிறு திறக்கவில்லை என்றதும், நானே பிறந்த வீட்டுக்குப் போய், என் தங்கையையே உன் அப்பாவுக்குக் கேட்டுக் கட்டி வைத்தேன் என்று வடமதுரைப் பக்கம் பெருமையாகச் சொல்வார்கள். நான் கேட்கவில்லை, தம்பி. கேட்க வைத்தார்கள். வெளியிலிருந்து ஒருத்தி வருவதற்கு நம் தங்கையே வரட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். வந்தவள் பதினேழு வயதுப் பெண். வாசலில் என்னைக் கட்டிக்கொண்டு அழுத அழுகையில் எனக்கு அவள் மேல் கோபப்படக்கூட நேரமில்லாமல் போய்விட்டது. நீ பிறந்த கையோடு அவள் காய்ச்சலில் விழுந்தாள். உன்னைத் துடைத்து என் மடியில்தான் போட்டார்கள். அவளுக்கு உடம்பு தேறி எழுந்தபோது நீ என் சேலை முந்தானை இல்லாமல் தூங்கமாட்டாய் என்று ஆகிவிட்டிருந்தது. அதற்காக அவள் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. உன் அம்மா லேசுப்பட்டவள் அல்ல, இதை மறந்துவிடாதே.

அந்த நாளில் நம் தோட்டம் எப்படி இருந்தது தெரியுமா? மோட்டார் வராத காலம். விடிவதற்குள் உன் அப்பா தண்ணீர் இறைக்கக் கமலையில் மாட்டைக் கட்டிவிடுவார். சால் தண்ணீர் தொட்டியில் கொட்டுகிற சத்தத்தில்தான் நான் கண் விழிப்பேன். மாசியில் விதை ஊன்றினால் சித்திரையில் தோட்டம் முழுக்கக் கொடி. பூசணி ஒரு பக்கம், சுரை ஒரு பக்கம், பந்தலில் பாகலும் புடலையும், கிணற்றடியில் வெள்ளரி. ஓரத்தில் முருங்கை, அதற்கு அப்பால் ஒரு துண்டு எள். ஊரெல்லாம் காய்ந்து மண் வெடித்துக் கிடக்கும்போது நம் தோட்டத்துக்குள் காலை வைத்தால் பாதம் குளிரும். திண்டுக்கல்லுக்கு, நாகல் நகர் சந்தைக்கு, வண்டி கட்டிக் காய் ஏற்றிக்கொண்டு போவார் உன் அப்பா. திரும்பி வரும்போது உனக்கு ஒரு பொட்டலம் காராச்சேவு இல்லாமல் வந்ததில்லை. அந்தச் சேவில் பாதியை அவரே வழியில் தின்றிருப்பார் என்பது வேறு விஷயம். பூசணியை மட்டும் ஏற்றும்போது ஒவ்வொன்றையும் கையால் தட்டிப் பார்த்துத்தான் ஏற்றுவார். இன்றைக்கும் அந்தச் சத்தம் எங்காவது கேட்டால் எனக்கு அந்த நாள் வந்துவிடும்.

உனக்கு மூன்று வயதில் காது குத்தினோம். வைகாசி மாதம். என் தம்பி, உன் மாமன், உன்னை மடியில் வைத்துக்கொண்டான். ஆசாரி ஊசியைக் கையில் எடுத்ததும் நீ கூட்டத்தில் என்னைத் தேடி இரண்டு கையையும் நீட்டினாய். வெண்ணெய்க் கிண்ணத்தோடு முன்னால் போனேன். உன் அப்பாவின் அக்கா, உன் அத்தை, என் தோளைப் பிடித்து நிறுத்தினார். "வெறும்பூவெல்லாம் செத்த நேரம் ஒதுங்கி நில்லு. பெத்தவ வரட்டும்" என்றார். பூசணிக் கொடியில் இரண்டு விதமாகப் பூக்கும் என்பது உனக்குத் தெரியும். ஒன்றின் அடியில் கோலிக்குண்டு அளவு பிஞ்சு இருக்கும். இன்னொன்று பிஞ்சு இல்லாமல் நீளக் காம்பில் பளிச்சென்று பூத்து, மதியத்துக்குள் சுருங்கிவிடும். அது காய்க்காது. அதைத்தான் வெறும்பூ என்பது நம் வீட்டு வழக்கம். அத்தையும் வஞ்சம் வைத்துச் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை, நாக்கில் இருந்த சொல் வெளியே வந்தது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். கிண்ணத்தை உன் அம்மா கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்கு வந்துவிட்டேன். நீ காது வலிக்கு அழுதாயா, என்னைக் காணாமல் அழுதாயா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மறுநாள் விடிகாலையில் ஒரு கூடையை எடுத்துக்கொண்டு பூசணித் தோட்டத்துக்குள் இறங்கினேன். பூத்திருந்த வெறும்பூ அத்தனையையும் பறித்தேன். ஒன்றுக்கும் உதவாதது எதற்காக என் புருஷன் இறைக்கிற தண்ணீரைக் குடிக்க வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே பறித்தேன். அடுத்த நாளும் பறித்தேன். அதற்கடுத்த நாளும். வீட்டில் யாரும் தடுக்கவில்லை. கொடிக்குப் பாரம் குறையட்டும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அந்தப் பூவைப் பருப்புப் போட்டு வதக்கினால் சோற்றுக்கு நல்ல வெஞ்சனம். உன் அத்தையே மறுசோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டார். "இம்புட்டு ருசியா இருக்கே, தெனம் பறிச்சாந்தா என்ன?" என்று கேட்டார். நானும் தினம் பறித்துக்கொண்டு வந்தேன்.

பிறகு பிஞ்செல்லாம் மஞ்சளாகத் தொடங்கியது. காம்போடு அழுகி, தொட்டால் உதிர்ந்தது. உன் அப்பா விதையைச் சந்தேகப்பட்டார், கிணற்றுத் தண்ணீர் உப்பாகிவிட்டதா என்று நாக்கில் விட்டுப் பார்த்தார். எவள் கண் பட்டதோ என்று அத்தை சொல்லிக்கொண்டே என் பக்கம் பார்த்தார். அந்தச் சமயத்தில் ஒருநாள் காலை உன் அம்மா உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடிவந்து, "அக்கா, செத்த இங்க வாக்கா" என்று என்னைக் கிணற்றடி முள்வேலிக்கு இழுத்துக்கொண்டு போனாள். கொடி ஒன்று வேலி மேல் ஏறிப் படர்ந்திருந்தது. முள்ளுக்குப் பயந்து அந்தப் பக்கம் நான் கையை விடவில்லை. அங்கே மட்டும் காய் குண்டு குண்டாகப் பிடித்திருந்தது. நாங்கள் இரண்டு பேரும் அப்படியே நின்று பார்த்தோம். வேலி மேல் வெறும்பூ நிறையப் பூத்திருந்தது. தேனீ அதற்குள் போய்ப் புரண்டு, உடம்பெல்லாம் மஞ்சள் மாவாக வெளியே வந்து, பிஞ்சு வைத்த பூவுக்குள் போனது. மறுபடியும் இது, மறுபடியும் அது. உன் அம்மா மெல்லச் சொன்னாள். "அக்கா, இந்த மாவு அங்க போனாத்தான் பிஞ்சு தங்குது போல. அப்ப இது வெறும்பூ இல்லியேக்கா." முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. தோட்டத்தில் பாதியை வதக்கித் தின்றிருக்கிறோம் என்று சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருக்கும்போது அழுகை வந்துவிட்டது. அவளும் அழுதாள். நீ எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, உன் பங்குக்கு நீயும் அழ ஆரம்பித்தாய்.

உன் அப்பாவிடம் சொன்னோம். அவரும் வேலியடியில் போய் நின்று வெகுநேரம் பார்த்தார். அன்றைக்குச் சாப்பிடும்போது எல்லோரையும் வைத்துக்கொண்டு, "இனிமே யாரும் அந்தப் பூவப் பறிக்கக் கூடாது" என்றார். அடுத்து அத்தை சொன்ன அந்தச் சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்வார் என்று கையில் கரண்டியோடு காத்திருந்தேன். அவர் மோர் கேட்டார். ஊற்றினேன். உன் அப்பா என்னை ஒருநாளும் ஒரு குறை சொன்னதில்லை, நான் சொன்னதைத் தட்டியதும் இல்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தையை அவர் சொல்லவில்லை. இத்தனை வருடம் கழித்தும் அந்த மோர்ச் சட்டி என் கண்ணிலேயே நிற்கிறது.

அந்தக் கோடையிலிருந்துதான் நம் தோட்டம் தேனீக்கும் பங்கு வைத்த தோட்டமாயிற்று. முருங்கையைக் கவாத்து செய்தாலும் பூ விட்ட கிளையை அப்பா தொடமாட்டார். எள்ளை ஒரே நாளில் விதைக்காமல் முன்னும் பின்னுமாக விதைப்போம், ஒரு துண்டு பூ முடியும்போது அடுத்த துண்டு பூக்கட்டும் என்று. வரப்பில் துளசி. கிணற்றடிப் புங்கமரத்தை வெட்டிக் கலப்பை செய்யலாம் என்று ஆசாரி கேட்டபோது, பூக்கிற மரத்தை வெட்டுவானேன் என்று உன் அம்மாதான் தடுத்தாள். தண்ணீர்த் தொட்டியில் தேனீ விழுந்து சாகிறதே என்று ஒரு கோணிச் சாக்கை நனைத்துத் தொட்டி விளிம்பில் போட்டு வைத்தேன். உச்சி வெயிலில் அந்தச் சாக்கு முழுக்கத் தேனீ உட்கார்ந்து தண்ணீர் குடிக்கும். நீ பக்கத்தில் குந்திக்கொண்டு மூச்சு விடாமல் பார்ப்பாய். புளியமரப் பொந்தில் தேனீ அடை வைத்திருந்தது. வருடத்துக்கு ஒருமுறை அப்பா ஓர் ஓரமாக மட்டும் அறுத்து எடுப்பார், மீதியை அதற்கே விட்டுவிடுவார். அந்தத் தேனில் வேப்பம்பூ வாடை அடிக்கும். நீ முகத்தைச் சுளித்துக்கொண்டே விரலை நக்குவாய். அந்த வருடங்களில் வந்த பூசணியை நினைத்தால் இப்போதும் மனது நிறைகிறது. ஒற்றை ஆளால் தூக்க முடியாத காயெல்லாம் வந்தது.

உனக்குப் பத்து வயதில் நடந்தது உனக்கே நினைவிருக்கும். ஆனாலும் சொல்கிறேன், எனக்குச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது. அந்த வருடம் பூசணி இலையைச் சிவப்பு வண்டு சல்லடையாக அரித்தது. எப்போதும் அடுப்புச் சாம்பலைத்தான் தூவுவோம். அதை விடியற்காலையில், இலையில் பனி ஈரம் இருக்கும்போது தூவினால்தான் ஒட்டும். அந்த வருடம் புதிதாக வெள்ளைப்பொடி மருந்து வந்திருந்தது. உன் அப்பா வாங்கிக்கொண்டு வந்து, துணியில் கட்டி, சாம்பலைத் தூவுகிற அதே நேரத்தில், அதே மாதிரி தூவினார். பூ விரிந்திருக்கிற நேரமும் அதுதான். தேனீ வருகிற நேரமும் அதுதான். சாம்பலுக்குப் பழகிய கை, யோசிக்கவில்லை. வெயில் ஏறுவதற்குள் கோணிச் சாக்கைச் சுற்றித் தேனீயெல்லாம் சுருண்டு கிடந்தது. அப்பா ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, கிணற்றுமேட்டில் உட்கார்ந்திருந்தார். புளியமரப் பொந்து வெறிச்சென்று ஆகிவிட்டது. பூசணிப் பிஞ்சு பழையபடி மஞ்சளாகத் தொடங்கியது.

மீதிப் பிஞ்சையாவது காப்பாற்ற வேண்டுமே என்று நாம் இரண்டு பேரும்தான் இறங்கினோம், நினைவிருக்கிறதா? மருந்து இலையில் இல்லாமல் போகட்டும் என்று சில நாள் காத்திருந்து, பிறகு தினமும் விடிகாலையில் போனோம். வெறும்பூவைக் காம்போடு பறித்து, இதழைக் கிழித்துப் போட்டு, நடுவில் இருக்கிற மாவைப் பிஞ்சு வைத்த பூவில் தொட்டுத் தொட்டு வைப்போம். உனக்குச் சின்னக் கை, பூவுக்குள் நன்றாகப் போகும். மூக்கெல்லாம் மஞ்சளாக அப்பிக்கொண்டு, "உய்ய்" என்று தேனீ மாதிரிச் சத்தம் போட்டுக்கொண்டே பாத்தி பாத்தியாக ஓடுவாய். ஒருநாள் பாதியில் நின்றுவிட்டாய். கையில் இருந்த பூவைப் பார்த்தாய், பிஞ்சைப் பார்த்தாய்.

"ஏன் பெரியம்மா, இந்தப் பூ இல்லாட்டி அந்தப் பிஞ்சு தங்காதா?"

"தங்காது அப்பு."

"அப்ப இந்தக் காய்க்கும் நம்ம வீட்டு மாதிரி ரெண்டு அம்மாவா?"

கேட்டுவிட்டு நீ அடுத்த பாத்திக்குப் போய்விட்டாய். பதிலுக்குக்கூட நிற்கவில்லை. நான்தான் அங்கேயே நின்றேன். காதுகுத்து நாளில் என் தோளில் விழுந்த கை அன்றைக்குத்தான் விலகியது. அப்படி ஒரு சொல் உன் அப்பா வாயிலிருந்து வர வேண்டும் என்று எத்தனையோ நாள் ஏங்கியிருக்கிறேன். அது பத்து வயதுப் பிள்ளை வாயிலிருந்து, மூக்கில் மஞ்சள் மாவோடு வந்தது. அந்த வருடம் சந்தைக்கு அனுப்புகிற அளவுக்குக் காய் வரவில்லை. நம் வீட்டுக்குப் போதுமான அளவுக்கு வந்தது. அடுத்த கோடைக்கு எள் பூத்தபோது எங்கிருந்தோ ஒரு தேனீக் கூட்டம் வந்து அந்தப் பொந்திலேயே குடியேறியது. அப்பா அதன் பிறகு பூக்கிற காலத்தில் பொடி டப்பாவைத் தொட்டதில்லை.

நீ படித்து, வேலைக்குப் போய், இன்றைக்குக் கல்யாண மாப்பிள்ளை. உனக்குப் புத்தி சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. வருகிற பெண்ணுக்குக் குழந்தை சீக்கிரம் பிறந்தாலும், நாளாகிப் பிறந்தாலும், பிறக்காமலே போனாலும், அவளை ஒரு பெயர் வைத்து யாரும் கூப்பிட விடாதே. வீட்டுக்குள் அவளைத் தாங்கிவிட்டுச் சபையில் வாய் திறக்காமல் இருந்துவிடாதே. உன் அப்பா நல்லவர், அவரைப் போல் நீயும் நல்லவனாக இரு. ஆனால் மோர் கேட்கிற இடத்தில் மட்டும் அவரைப் போல் இருக்காதே.

இப்போது உன் கடைசி வரிக்கு வருகிறேன். பேசி முடிவு செய்யச் சொன்னாய். நாங்கள் பேசினோம். "நீ உக்காருக்கா, நான் தள்ளி நிக்கிறேன். எனக்கு ஒண்ணும் கொறஞ்சு போகாது" என்றாள் உன் அம்மா. அதைக் கேட்டு, சரி என்று சொல்லிவிட ஒரு கணம் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் பெற்றவளை ஒதுக்கி நிறுத்திவிட்டு நான் உட்கார்ந்தால், அத்தை செய்ததை நான் செய்கிறேன் என்றுதானே ஆகும்? நான் ஒதுங்கிக்கொள்கிறேன் என்று எழுதுவேன் என்று நீ நினைத்திருப்பாய். ஊரும் அதைத்தான் எதிர்பார்க்கிறது. பெரியவள் பெரிய மனசு என்று பாராட்டிவிட்டு, ஒரு சேலையையும் கொடுத்துவிட்டுப் பந்திக்குப் போய்விடுவார்கள். எனக்கு அந்தப் பாராட்டு வேண்டாம், தம்பி. சேலையும் வேண்டாம். எனக்கு உட்கார வேண்டும். உன் அப்பாவுக்கு இந்தப் பக்கம் உன் அம்மா, அந்தப் பக்கம் நான். நீயும் உன் பெண்டாட்டியும் எங்கள் காலில் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஆசைப்படுகிறேன், வெட்கமில்லாமல் கேட்கிறேன்.

இதுவரை எழுதியதை இரண்டு பேருக்கும் படித்துக் காட்டினேன். உன் அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அன்னைக்கு அந்தப் பூவுல உப்புக் கம்மிக்கா" என்றாள். உன் அப்பா பாதியிலேயே எழுந்து போய்விட்டார். வழக்கம்போல்தான் என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் மாட்டுக்கொட்டகையில் இழைப்புளிச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், பழைய வண்டிப் பலகையை இழைத்துக்கொண்டிருக்கிறார். மணைப்பலகை நம் வீட்டில் இரண்டுதான் இருக்கிறது என்பது உனக்குத் தெரியும். என்னைப் பார்த்ததும் தலையை நிமிர்த்தாமலே, "ஏ புள்ள, நான் அன்னைக்கே சொல்லிருக்கணும்" என்றார். மோர் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

ஆகவே பலகை மூன்று தயார். நெய்க்காரப்பட்டிக்குச் சொல்ல வேண்டியது மட்டும் பாக்கி. நாங்கள் சொன்னால், கிழவிக்கு ஆசை விடவில்லை என்பார்கள். நீதான் சொல்ல வேண்டும். நீ கூச்சப்படுகிறவன், சபையில் வாய் வராது என்பது தெரியும். புதிதாக ஒன்றும் யோசிக்க வேண்டாம். மூக்கில் மஞ்சள் மாவோடு பூசணிக் கொடிக்குள் நின்று என்னிடம் கேட்டாயே, அதைக் கேள்வியாக இல்லாமல் சொல்.

உன் பெரியம்மா